கணினி கேள்வி-பதில்: நானே எழுதிய நிரலுக்கும் வழக்கா?

கேள்வி: யாருடைய நிரலையும் பார்க்காமல் நானே எழுதி, கட்டற்ற மென்பொருளாக வெளியிடுகிறேன். காப்புரிமை (பேட்டன்ட்) வழக்கு வருமா? – வாசகர், கோவை

வரும். பார்த்து எழுதினீர்களா என்ற கேள்வி பதிப்புரிமை (காப்பிரைட்) வழக்கில்தான் எடுபடும். காப்புரிமை செய்முறைக்கே கிடைப்பது. அதே செய்முறை உங்களுக்குத் தானாகத் தோன்றியிருந்தாலும் மீறல் மீறல்தான். இலவசமாகத் தருகிறேன் என்பதும் உதவாது. ஷாட்வெல் என்ற புகைப்படச் செயலிக்காக 2019இல் அமெரிக்காவில், லினக்ஸுக்குக் கட்டற்ற மென்பொருள் உருவாக்கும் க்னோம் அறக்கட்டளை மீது ரோத்ஸ்சைல்ட் பேட்டன்ட் இமேஜிங் என்ற நிறுவனம் வழக்குப் போட்டது; 75,000 டாலர் தந்தால் விட்டுவிடுவதாகப் பேரமும் பேசியது. க்னோம் மசியவில்லை, நன்கொடை திரட்டி வழக்காடியது. 2020 மே மாதம் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

கேள்வி: காப்புரிமை எண்ணைச் சொல்லி நோட்டீஸ் வந்தால் முதல் வேலை என்ன? – வாசகர், திருச்சி

பேசாமல் இருப்பது. “ஆமாம், நாம் மாட்டுவோம்” என்று மடலாடற்குழுவில் (மெயிலிங் லிஸ்ட்) ஒரு வரி எழுதினாலும் அது எதிர்த்தரப்புக்குச் சாட்சியம். அமெரிக்காவில் தெரிந்தே மீறியதாக முடிவானால் இழப்பீடு மூன்று மடங்கு வரை போகலாம்.

அடுத்து, தேதி. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுதான் ஆயுள். ஆனால் காலாவதியாகிவிட்டதே என்று நிம்மதியடைய முடியாது. வழக்குத் தொடுக்கும் நாளுக்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் நடந்த மீறலுக்கு அமெரிக்காவில் இழப்பீடு கேட்கலாம்.

தலைப்பையும் சுருக்கத்தையும் படித்து மிரளாதீர்கள், அவை எப்போதும் ஊரையே வளைத்துப்போடும். ஆவணத்தின் கடைசியில் எண்ணிட்டு வரும் கிளெய்ம்கள்தான், அதாவது எதற்கு உரிமை கோருகிறார்கள் என்ற வாசகங்கள்தான், உண்மையான எல்லை. முதல் கிளெய்மின் ஒவ்வொரு அம்சத்தையும் தனி வரியாகப் பிரித்து, உங்கள் நிரலில் அது எங்கே நடக்கிறது என்று எதிரே குறியுங்கள். வழக்கறிஞரைப் பிடித்த பிறகு, அவருக்காக மட்டும் இதைச் செய்யுங்கள். எல்லா அம்சமும், அல்லது அதற்குச் சமமானது, இருந்தால்தான் மீறல். ஒன்றை உருவிவிட்டால் பெரும்பாலும் தப்பலாம்.

அப்படி உருவியதற்கு ஓர் உதாரணம். 2009இல், லினக்ஸில் ஓடும் வழிகாட்டிக் கருவிகளைச் செய்த டாம்டாம் நிறுவனம் மீது மைக்ரோசாஃப்ட் தொடுத்த வழக்கில், வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஃபேட் (FAT) முறைக்கான காப்புரிமைகளும் இருந்தன. ஒரே கோப்புக்கு நீண்ட பெயர், 8.3 குறும்பெயர் (எட்டு எழுத்துப் பெயர், மூன்றெழுத்துப் பின்னொட்டு) இரண்டையும் உருவாக்குவதுதான் அவற்றின் கிளெய்ம்களின் முடிச்சு. நிரலர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் லினக்ஸுக்கு எழுதிய திருத்தம் நீண்ட பெயரை மட்டும் உருவாக்கி, குறும்பெயர் இடத்தில் செல்லாத எழுத்துகளை நிரப்பியது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் குறும்பெயரை எதிர்பார்த்த சில கருவிகள் திணறின.

கேள்வி: இந்தியாவில் மென்பொருளுக்குக் காப்புரிமையே கிடையாதாமே? – வாசகர், சேலம்

பாதி சரி. காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு வெறும் கணினி நிரலையும் அல்காரிதத்தையும் விலக்குகிறது. அந்த ‘வெறும்’ வழியாகத்தான் வன்பொருளோடு சேர்த்து எழுதிய விண்ணப்பங்கள் நுழைகின்றன. உங்கள் நிரலை அமெரிக்காவில் ஒருவர் பயன்படுத்தினால் அங்குள்ள சட்டம் அவரைப் பிடிக்கும். வீடியோவைச் சுருக்கும் எச்.264 என்ற காப்புரிமை பெற்ற முறை இதற்கு நல்ல உதாரணம். சிஸ்கோ நிறுவனம் அந்த முறையைச் செயல்படுத்தும் தன் ஓபன்எச்264 மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கட்டுகிறது, ஆனால் சிஸ்கோவே தரும் பைனரிக்கு (ஓட்டத் தயாரான கோப்புக்கு) மட்டும். அதே மூலநிரலிலிருந்து நீங்களே பைனரியை உருவாக்கி (கம்பைல் செய்து) விநியோகித்தால் கட்டணம் உங்கள் தலையில்.