பிடிக்காத பாடம் பிடிக்கத் தொடங்கும் இடம்

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகளுக்குக் கணக்கு என்றாலே வேப்பங்காயாகக் கசக்கிறது என்றும், கணக்கே இல்லாத மேற்படிப்பு ஒன்றை இப்போதே பார்த்து வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த முடிவைச் சில மாதங்கள் தள்ளிவையுங்கள் என்பதே என் வேண்டுகோள். பிள்ளைகள் "பிடிக்கவில்லை" என்று சொல்லும் சொல்லுக்குள், எங்கோ ஓரிடத்தில் புரியாமல் போன சங்கதியும், அதற்குப் பிறகு வகுப்பில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த நாள்களின் கூச்சமும் சேர்ந்தே கிடக்கும்.

இயற்கணிதத்தை அறவே வெறுத்த மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய நோட்டைப் புரட்டியபோது, பக்கத்துக்குப் பக்கம் ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப வந்திருப்பது தெரிந்தது. 12 − (5 − 2) என்று எழுதிக் கொடுத்தேன். அடைப்புக்குறியை எடுத்துவிட்டு 12 − 5 − 2 என்று எழுதி, விடை 5 என்றார். அடைப்புக்குறிக்குள் இருப்பதை முதலில் கழித்துப் பாருங்கள் என்றேன். 3 வந்தது, 12-இல் 3 போக 9 வந்தது. இரண்டு விடைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவர், "5 முழுசா போகலை, அதுல 2 திரும்பி வரணும்" என்று தாமாகவே சொன்னார். கீழ் வகுப்பில் நழுவிய அந்த ஒரு குறிதான் அத்தனை சமன்பாடுகளையும் அவருக்குப் பகையாக்கியிருந்தது. அன்று அவர் கேட்காமலேயே அடுத்த கணக்கை எடுத்துக்கொண்டார்.

ஆகவே, மதிப்பெண்ணை விட்டுவிட்டு, எந்தப் பாடம்வரை எளிதாக இருந்தது என்று உங்கள் மகளிடம் கேளுங்கள். அது ஆறாம் வகுப்புப் புத்தகமாக இருந்தாலும் அங்கிருந்தே தொடங்கட்டும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நாள்தோறும் இருபது நிமிடம் போதும். படித்ததையே மறுபடி படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிடத் தம்மைத் தாமே சோதித்துக்கொண்டவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. படிக்கும்போது தெரிந்ததுபோல் இருந்துவிட்டுத் தேர்வில் கைவிடும் பாடத்தின்மீது யாருக்குத்தான் விருப்பம் வரும்?

இதில் வீட்டாரின் பங்கு பெரிது. அதே ஆண்டில் ஹிடி, ரென்னிங்கர் என்ற ஆய்வாளர்கள் ஆர்வம் வளரும் விதத்தை நான்கு கட்டங்களாக வகுத்தார்கள். முதல் கட்டத்தில் ஆர்வம் வெளியிலிருந்தே தூண்டப்படுகிறது. சுற்றியுள்ளவர்கள் துணை நின்றால்தான் பெரும்பாலும் அது நிலைக்கிறது. கணிதத்தின் மிக உயரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014-இல் பெற்ற முதல் பெண்மணி மரியம் மிர்சாகானி, நடுநிலைப் பள்ளியின் முதல் ஆண்டில் கணிதத்தில் பின்தங்கியிருந்தார். அவருக்குத் திறமை இருப்பதாக அப்போதைய ஆசிரியர் கருதவில்லை. நம்பிக்கை குலைந்து ஆர்வமும் போயிற்று. மறு ஆண்டு ஊக்கமளிக்கும் ஆசிரியர் வாய்த்தபோது நிலைமை மாறியது. உங்கள் மகள் பதக்கம் வாங்குவாள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒரு பாடத்தைப் பற்றி எடுத்த தீர்ப்பு எவ்வளவு நிலையற்றது என்பதற்காகவே சொல்கிறேன். "நம் குடும்பத்துக்கே கணக்கு வராது" என்ற பேச்சு வீட்டில் இருந்தால், தயவுசெய்து இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

மூன்று மாதங்கள் இப்படிச் செய்த பிறகும் அவளுக்கு வரலாறோ மொழியோதான் மனத்துக்கு நெருக்கமாக இருக்கிறதென்றால், அதையே தேர்ந்தெடுக்கட்டும். நானும் மனமார ஆதரிப்பேன். கணக்குக்குப் பயந்து அங்கே ஒதுங்கினாள் என்ற நிலை மட்டும் வேண்டாம். அடுத்த முறை அவளை அழைத்து வரும்போது, விடைத்தாள்களோடு பழைய நோட்டுகளையும் எடுத்து வாருங்கள். எங்கே நழுவியது என்று மூவரும் உட்கார்ந்து தேடுவோம்.