இயக்குநரின் மேசை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் பதினான்கு ஆண்டுகளாக மூளை நரம்பியல் ஆய்வில் இருக்கிறாள். இப்போது ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சிப் பிரிவுக்கு இயக்குநராக வரும்படி அழைத்திருக்கிறார்கள். நுண்ணோக்கியை விட்டுவிட்டுக் கோப்புகளில் கையெழுத்துப் போடுவது ஒரு விஞ்ஞானிக்கு வீழ்ச்சிதானே? நிர்வாகத்துக்குப் போனவர்கள் யாராவது அறிவியலில் உருப்பட்டிருக்கிறார்களா? சம்பளம் அதிகம் என்பதற்காக ஒப்புக்கொள்ளலாமா?

செ., திருச்சி

அன்புள்ள செ.,

சம்பளத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ‘வீழ்ச்சி’ என்ற சொல்தான் உறுத்துகிறது. சில வாரங்களாகக் கனடாவின் மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

என் சின்ன அத்தைக்கு வலிப்பு உண்டு. விழுந்ததும் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதுதான் எங்கள் வீட்டார் அறிந்த வைத்தியம். வேலூரில் ஒரு மருத்துவர், “வலிப்பு வருவதற்குச் சற்று முன்னால் உங்களுக்கு ஏதாவது தோன்றுமா அம்மா?” என்று கேட்டார். பால் கருகும் வாசனை வரும் என்றார் அத்தை. அத்தனை ஆண்டுகளில் வீட்டில் ஒருவரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. வேலூர் சி.எம்.சி.யில் 1949இல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டி, மாண்ட்ரியலில் பென்ஃபீல்டிடம் பயின்றவர் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

ஆக்ஸ்ஃபோர்டில் ஷெரிங்டனிடம் நரம்பு உடலியங்கியல் கற்ற பென்ஃபீல்ட், 1928இல் மாண்ட்ரியலுக்குச் சென்றார். அந்த ஆண்டின் இறுதியில் தன் தமக்கை ரூத்தின் மூளைக் கட்டியைத் தன் கையாலேயே அறுத்தார். அதை முழுவதும் அகற்ற முடியவில்லை, சில ஆண்டுகளில் அவர் இறந்துபோனார். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் கொடையோடு 1934இல் மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தைத் திறந்து, 1960 வரை அதன் இயக்குநராக இருந்தார். நோயாளியின் கட்டிலும் அறுவை அறையும் ஆய்வகமும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். நோயாளியை விழித்திருக்கச் செய்து, மூளையின் மேற்பரப்பை மின்முனையால் தொட்டு, “இப்போது என்ன உணர்கிறீர்கள்?” என்று கேட்டுக் கேட்டு அவர் வரைந்த மூளை வரைபடம் 1937இல் வெளிவந்தது. இயக்குநரான பிறகு, ஐயா.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் புகழ்பெற்ற வரைபடத்தைப் பற்றி அல்ல. 1950இல் உளவியலாளர் டொனால்ட் ஹெப்பின் ஆய்வு மாணவியாக பிரெண்டா மில்னர் அங்கே வந்தார். அறுவை மருத்துவர் அல்லர், உளவியலாளர். பென்ஃபீல்ட் ஒரு பக்க நெற்றிப்பொட்டு மடலின் பகுதியை அகற்றிய நோயாளிகளில் இருவர் புதிதாக எதையும் நினைவில் வைத்திருக்க முடியாதவர்களாகிவிட்டதை அவர் சோதித்துக் கண்டார். அவர்களில் ஒருவர் பொறியாளர். அறுக்காத பக்கத்து ஹிப்போகாம்பஸும் (புதிய நினைவுகள் பதிய உதவும் மூளைப் பகுதி) முன்பே பழுதுபட்டிருக்க வேண்டும் என்பது மில்னர், பென்ஃபீல்ட் இருவரின் ஊகம். பெரிய மருத்துவர்கள் இத்தகைய செய்தியைக் கோப்புக்குள் புதைப்பதை நாம் அறிவோம். பென்ஃபீல்டோ, தன் கத்தியால் நேர்ந்த இழப்பை அந்த இளம் பெண்ணோடு சேர்ந்து 1955இல் அமெரிக்க நரம்பியல் சங்கத்தின் முன் வைத்தார். அதன் சுருக்கத்தைப் படித்த அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்கோவில், தன்னிடமும் அப்படியொரு நோயாளி இருப்பதாகத் தொடர்பு கொண்டார். எச்.எம். என்ற எழுத்துகளால் அறியப்பட்டு, நினைவாற்றல் ஆய்வின் போக்கையே மாற்றியவர் அந்த நோயாளிதான். பொறியாளர் இறந்த பின் செய்த பிரேதப் பரிசோதனை ஊகத்தை உறுதிப்படுத்தியது. இயக்குநர் மேசையிலிருந்து ஒரு சொல் போதும், இவை எதுவும் வெளியே வந்திருக்காது. அந்த மேசையைத்தான் நீங்கள் கோப்பும் கையெழுத்தும் என்கிறீர்கள்.

உங்கள் மகள் அந்தக் கல்லூரியிடம் கேட்க வேண்டியது சம்பளத்தை அல்ல. வார்டுக்குள் ஆய்வு மாணவர் நுழையலாமா, மூத்த அறுவை மருத்துவரின் தோல்வி கூட்டத்தில் பேசப்படுமா, பேசிய இளையவருக்கு மறு ஆண்டும் வேலை இருக்குமா என்று கேட்கச் சொல்லுங்கள். மூன்றுக்கும் மழுப்பலான பதில் வந்தால் நுண்ணோக்கியோடு இருக்கட்டும்.

இன்னொன்று. கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். இந்த அழைப்பைப் பற்றி உங்கள் மகள் என்ன நினைக்கிறார் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.