கண்ணாடி ஊதப் போகும் பிள்ளைக்கு எந்த மூக்குக்கண்ணாடி?

வேதியியல் முடித்த மகன் ஆய்வகக் கண்ணாடிக் கருவிகள் செய்யும் பயிற்சியில் சேரப் போகிறான், நாள் முழுக்கத் தீயைப் பார்த்தால் கண் கெட்டுவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயம் வீண் இல்லை அம்மா. உலை முன் பல வருடம் நின்றவர்களுக்குக் கண்புரை வருவது பழைய கதை. ஆங்கிலேய வேதியியலாளர் வில்லியம் குரூக்ஸ் இதற்காகவே வடிகட்டும் கண்ணாடிகளை ஆராய்ந்து 1914-ல் முடிவுகளை வெளியிட்டார். காரணம் அகச்சிவப்புக் கதிர், அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர். கண்ணின் லென்ஸில் ரத்த ஓட்டம் கிடையாது, ஏறிய சூடு சட்டென்று இறங்காது. வருடக்கணக்கில் சேர்ந்துதான் புரை கட்டும். அதனால் முதல் நாளிலிருந்தே சரியான கண்ணாடி போடுவான் என்றால் தாராளமாகச் சேர்த்துவிடலாம்.

குழப்பம் வாங்கும்போதுதான். பட்டறையில் எல்லோரும் ‘டிடிமியம் வாங்கு’ என்பார்கள்; நியோடிமியம், பிரசியோடிமியம் என்ற அரிய உலோகங்கள் கலந்த லென்ஸ் அது. தீயில் காட்டியதும் கண்ணாடியிலுள்ள சோடியம் 589 நானோமீட்டரில் மஞ்சளாகப் பளீரிடும், உருகும் இடமே தெரியாது. டிடிமியம் அந்த மஞ்சளை விழுங்கிவிடும், வேலை தெளிவாகத் தெரியும். ஆனால் அகச்சிவப்பை அது பெரிதாகத் தடுக்காது. கண் கூசுவது நின்றதும் கண்ணுக்குக் காப்பு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு.

சாதாரண சோடாக் கண்ணாடி சுமார் 700 டிகிரியில் இளகும். சிறு பர்னரில் அதை வளைக்க டிடிமியம் போதும். ஆய்வகக் குடுவைகளுக்கான போரோசிலிகேட்டுக்கு 820 டிகிரி வேண்டும், வேலை செய்யும் சூடு அதற்கும் மேல். அதற்கு டிடிமியத்தோடு ஷேடு 3 (வெல்டிங் கண்ணாடியின் வடிகட்டும் அளவைச் சொல்லும் எண், கூடக் கூடத் தடுப்பும் கூடும்) சேர்ந்த லென்ஸ் வாங்குங்கள், பெரிய குழாய்களுக்கு ஷேடு 5. குவார்ட்ஸ் 1,600 டிகிரியைத் தாண்டும், வெண்மையாக எரியும், புற ஊதாவும் வரும். அங்கே ஷேடு 5-க்குக் குறைந்து எதுவும் வேண்டாம். கூலிங் கிளாஸ் மட்டும் கூடவே கூடாது: இருட்டில் கருவிழிப் பாவை விரியும், அகச்சிவப்பு இன்னும் தாராளமாக உள்ளே போகும்.

கடையில் டிடிமியம் கண்ணாடி லென்ஸை வெயிலிலும் டியூப்லைட்டிலும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பாருங்கள், நிறம் மாறித் தெரியும். வெறும் சாயமேற்றிய கண்ணாடி அப்படி மாறாது. அகச்சிவப்பைத் தடுக்கிறதா என்பதைக் கண்ணால் அறிய வழியில்லை. எந்தக் கதிர் எவ்வளவு உள்ளே போகும் என்று காட்டும், தயாரிப்பாளர் தரும் ஊடுருவல் வரைபடத்தைக் கேளுங்கள், தர மறுத்தால் வேறு கடை. பவர் இருந்தால் மேலே மாட்டும் வகை வாங்கலாம், பக்கவாட்டுத் தடுப்பு அவசியம்.

பிறகு அவன் நியான் விளக்குக் குழாய் செய்யும் பக்கம் போனால் கதை வேறு. குழாயைச் சுத்தம் செய்ய உயர் மின்னழுத்தம் பாய்ச்சும்போது வெற்றிடக் குழாய் உடைந்து சிதறலாம். அதற்குத் தாக்குதல் தாங்கும் பாலிகார்பனேட் கண்ணாடி வேண்டும். டிடிமியம் லென்ஸை நம்பி அங்கே நிற்கக் கூடாது.

சேரும் முன் பாவையை விரித்து ஒரு கண் பரிசோதனை செய்து, அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். வருடா வருடம் எடுப்பதை அதோடு ஒப்பிட வேண்டியிருக்கும்.