விலாவில் நிற்கும் துணி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பன்னிரண்டு வருஷமாக பிளவுஸ் தைக்கிறேன். போன மாதம் நீங்கள் எழுதியதில், "எனக்கும் என் சிநேகிதிகளுக்கும் உள்ளே போடுகிற பாடியை (பிராவை) நானே லேஸ் வைத்துத் தைத்துவிடுகிறேன்" என்று ஒரு வரி வந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்கும் ஆசை. ஈரோட்டில் லேஸ் வாங்கி வந்து ஒன்று தைத்தேன். கட் சரியாகத்தான் வந்தது. ஆனால் போட்டு அரை மணி நேரத்தில் முதுகுப் பக்கம் மேலே ஏறிக்கொள்கிறது. தோள் பட்டியைச் சுருக்கினால் இன்னும் ஏறுகிறது, தோளும் வலிக்கிறது. கீழ்ச் சுற்று (மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றி) 32, மார்புச் சுற்று 36, தளர்வுக்கு 2 அங்குலம் விட்டேன். என்ன தப்பு?

என் மாமியார் பார்த்துவிட்டு, "யாரு பாக்கறதுக்கு இந்த லேஸு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு சிநேகிதிகள் தைத்துத் தரச் சொல்கிறார்கள். அவர்களிடம் காசு வாங்கலாமா? எழுதுங்கள் அக்கா.

– ஒரு வாசகி, கோபி

அன்புள்ள அம்மிணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அளவை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். தப்பு கட்டில் இல்லை. பன்னிரண்டு வருஷம் பிளவுஸ் தைத்த கை, பழக்கத்தில் தளர்வு விட்டுவிட்டது. அவ்வளவுதான்.

பிளவுஸ் தோளில் தொங்குகிற துணி. அதனால் மூச்சு விடவும் கை தூக்கவும் அளவுக்கு மேலே ஒன்றோ இரண்டோ அங்குலம் விடுகிறோம். பாடி அப்படி இல்லை. அது விலாவைச் சுற்றி நிற்கிற துணி. பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்குவது கீழ்ச் சுற்றுப் பட்டிதான். தோள் பட்டி, கப் இடம் மாறாமல் பிடித்துக்கொள்ள மட்டும். நீங்கள் 32-க்கு 34 வைத்தீர்கள். பிடிமானம் இல்லாத பட்டி முதுகில் ஏறியது. தோள் பட்டியைச் சுருக்கியதும் அது முதுகை இன்னும் மேலே இழுத்தது, பாரமெல்லாம் தோளுக்கு வந்தது.

தைத்து முடித்த பட்டியை இழுக்காமல் மேஜைமேல் வைத்து அளந்தால் உங்களுக்கு 28, 29 அங்குலம்தான் இருக்க வேண்டும். உடம்பில் இழுபட்டு 32 ஆக வேண்டும். துணி எவ்வளவு இழுபடுகிறது என்பதைப் பொறுத்து ஒரு அங்குலம் முன்னே பின்னே வரலாம். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: போட்டுக்கொண்டு இரண்டு தோள் பட்டியையும் தோளிலிருந்து இறக்கிவிடுங்கள். பட்டி கீழே நழுவாமல் நின்றால் சரி. முதுகுப் பட்டிக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், கையே நுழையக் கூடாது.

இது தெரியாமல் நானும் பல வருஷம் தோளில் பள்ளத்தோடு திரிந்தேன். கடைக்குப் போனால் கவுன்டரில் நிற்கிற பையனிடம் கண்ணைப் பார்க்காமல் "முப்பத்தாறு" என்று சொல்வோம். அவன் ஒரு பெட்டியை எடுத்துத் தருவான், நாம் பிரிக்காமலேயே பைக்குள் திணித்துக்கொண்டு வருவோம். கப் அளவு என்று ஒன்று இருக்கிறது என்பதையே அங்கே யாரும் பேசுவதில்லை. ஏ, பி, சி, டி என்று கப்புக்கு எழுத்து வைக்கும் பழக்கம் அமெரிக்காவில் 1930-களிலேயே வந்துவிட்டது. மார்புச் சுற்றுக்கும் கீழ்ச் சுற்றுக்கும் ஒரு அங்குலம் வித்தியாசம் என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று சி, நான்கு டி. உங்கள் அளவுக்கு 32 டி வருகிறது. நம் ஊர்க் கடைகளில் அது சுலபத்தில் கிடைக்காது. கப் பற்ற வேண்டும் என்று 36 பி வாங்கிப் போட்டிருப்பீர்கள். கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் பட்டி நான்கு அங்குலம் லூஸ். நம்மில் பாதிப் பேருடைய முதுகுவலிக் கதை இங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

சரி, துணிக்கு வருகிறேன். ஈரோட்டில் நீங்கள் வாங்கியது சுடிதாருக்கு வைக்கிற நெட் லேஸாக இருக்கும். அது இழுபடாது. அது தப்பில்லை, கப்புக்கு அதை வைக்கலாம், உள்ளே மெல்லிய இன்டர்லாக் பனியன் துணி லைனிங் கொடுத்தால் போதும். நம் பக்கத்து சித்திரை வெயிலில் நைலான் லேஸை நேராக உடம்பில் போட்டால் மார்புக்குக் கீழே வேர்த்து அரிக்கும். பருத்தி பனியன் துணி அந்த வேர்வையை வாங்கிக்கொள்ளும். திருப்பூர் நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, காதர்பேட்டைக்கு ஒரு நடை போனால் கட் பீஸ் விதவிதமாகக் கிடைக்கும். முதுகுப் பட்டிக்கு மட்டும் பவர் நெட் வாங்குங்கள், லைக்ரா கலந்து நன்றாக இழுபடுகிற வலைத்துணி அது. அது எந்தப் பக்கம் அதிகம் இழுபடுகிறதோ அந்தப் பக்கம் உடம்பைச் சுற்றி வர வேண்டும். நடுவில் இரண்டு கப்பையும் இணைக்கிற சின்னத் துண்டு இழுபடவே கூடாது, அதற்கு இழுபடாத துணியை இரட்டையாக வையுங்கள். ஜரிகை லேஸ் பக்கம் போகாதீர்கள், குத்தும்.

லேஸின் ஓரம் அலையலையாக இருக்கும் பாருங்கள், அதை வெட்டாமல் அப்படியே கப்பின் மேல் ஓரமாக வையுங்கள். இரண்டு கப்பையும் ஒரே பக்கமாக வெட்டிவிடாமல், ஒன்றை வெட்டி அதைக் கவிழ்த்துப் போட்டு அடுத்ததை வெட்டினால் பூ இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் எதிரெதிராக வரும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நிமிஷம் இதுதான். லேஸைத் தரையில் விரித்து, எந்தப் பூ எங்கே உட்கார வேண்டும் என்று பேப்பர் கட்டிங்கை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பேன். சில நாள் அரை மணி நேரம் போய்விடும்.

சேலைக்கு ஓரம் அடிக்கிற ஜிக்ஜாக் மிஷின் உங்களிடம் இருக்கும். அதுதான் இதற்கு வேண்டியது. நேர்த்தையல் எலாஸ்டிக்கில் போட்டால் முதல் இழுப்பில் நூல் அறுந்துவிடும். ஊசியை மாற்றுங்கள், பனியன் துணிக்குப் போடுகிற பால் பாயின்ட் ஊசி வேண்டும். சாதா ஊசி லைக்ரா இழையை அறுத்து ஓட்டை போடும், தையலும் விட்டு விட்டு விழும். நூல் பாலியஸ்டர். கீழ் எலாஸ்டிக்கை இரண்டு தடவை அடிக்க வேண்டும். முதலில் துணியின் வெளிப்பக்கத்தில் ஓரத்தோடு ஓரமாக, பல் போல இருக்கிற ஓரம் மேலே கப்பைப் பார்க்கும்படி. அப்புறம் அதை உள்ளே மடித்து இன்னொரு ஓட்டம். அப்போது அந்தச் சின்னப் பற்கள் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். கப்புக்குக் கீழே எலாஸ்டிக்கை அதிகம் இழுக்காதீர்கள், முதுகுப் பக்கம் போகப் போக இழுங்கள். கப்புக்கு அடியில் வைக்கிற கம்பி இப்போதைக்கு வேண்டாம். கம்பி இல்லாமல் நான்கு தைத்த பிறகு அதைப் பற்றிப் பேசலாம். ஹூக் பட்டியில் மூன்று வரிசை இருக்கும், புதிதில் கடைசி, லூஸான வரிசையில் மாட்டுகிற மாதிரி தையுங்கள். எலாஸ்டிக் தளரத் தளர உள்ளே வரலாம்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது பல்லடத்தில் எங்கள் வீதியில் இருந்த ஒரு அக்கா. கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவி ஆளாகப் பனியன் கம்பெனிக்குள் போய், ஓவர்லாக் டெய்லராக இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர். கம்பெனியில் ஒருவர் ஒரு வேலைதான். அவருக்குத் தோள் ஜாயின்ட். பக்கத்தில் இருப்பவருக்குக் கை, அதற்கு அடுத்தவருக்குக் கழுத்து. லட்சக்கணக்கான தோள்களைத் தைத்திருக்கிறார், முழுசாக ஒரு துணியை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை தைத்ததே இல்லை. எந்த ஊரில் யார் தோளில் அது போய் உட்கார்ந்தது என்றும் தெரியாது. வேலையை விட்ட பிறகு அவர் முதல்முதலாக முழுசாகத் தைத்தது தனக்கு ஒரு பாடி. நீல லேஸ். எனக்குக் காட்டும்போது, "இது பூராம் நானே கண்ணு" என்றார். அந்த "பூராம்" என்ற சொல்லை அவர் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது.

மாமியார் கேட்டதற்கு வருகிறேன். நல்ல கேள்வி. அவரிடம் ஒன்று கேளுங்கள்: அவருடைய அம்மாவோ அப்பத்தாவோ ரவிக்கை போட்டிருந்தார்களா? என் அப்பத்தா கடைசிவரை போட்டதில்லை. பின்கொசுவம் வைத்துக் கட்டிய சேலைதான், காடு, தோட்டம், சந்தை எல்லாம் அதோடுதான். என் அம்மா காலத்தில் வட்ட வட்டமாகத் தையல் ஓடிய வெள்ளைப் பருத்திப் பாடி வந்தது. அதைத் துவைத்து ஈரத் துண்டுக்கு அடியில் மறைத்துக் காயப்போட என்னைப் பழக்கியதும் அம்மாதான். ஆக, நாம் ரொம்பப் பழசு என்று நினைத்துக்கொண்டிருக்கிற இந்தக் கூச்சம் எங்கள் வீட்டில் ஒரு தலைமுறைக்குள் வந்தது. அப்பத்தாவுக்கு அது தெரியவே தெரியாது.

ஆஸ்திரியாவில் லெங்பெர்க் என்று ஒரு கோட்டை. 2008-ல் அங்கே ஒரு அறையின் தரைக்கு அடியில் பழந்துணிகள் கிடைத்தன. அவற்றில் கப் வைத்துத் தைத்த லினன் பாடிகள் இருந்தன. 15-ம் நூற்றாண்டுத் துணி. அதில் ஊசியால் பின்னிய லேஸ் வேலை இருக்கிறது. மேலே முழு அங்கி போட்டிருந்த காலத்தில், உள்ளே போடுகிற துணியில் உட்கார்ந்து பின்னியிருக்கிறார்கள்.

என் சிநேகிதி ஒருத்திக்குப் புற்றுநோய் வந்து ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள். ஆறி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு என்னிடம் வந்தாள். முன்பக்கம் ஹூக், ஏனென்றால் கையைப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை. கம்பி இல்லை. உள்ளே இரண்டு பக்கமும் மெல்லிய பருத்தியில் பை, ஒன்றில் பஞ்சு வைத்துக்கொள்ள. தையல் மடிப்பு எதுவும் தழும்பின்மேல் உட்காராதபடி எல்லா மடிப்பையும் வெளிப்பக்கம் திருப்பினேன். அவ்வளவு யோசித்த நான், லேஸ் வேண்டாம், உறுத்தும் என்று நானாக முடிவு செய்துவிட்டேன். போட்டுப் பார்த்தாள், நன்றாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "உனக்கெல்லாம் வெச்சிருக்கறயே, எனக்கு ஏன் வெக்கல?" என்றாள். எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. அன்று ராத்திரியே பிரித்து, உடம்பில் படாமல் வெளிப்பக்கத்தில் மட்டும் ரோஸ் லேஸ் வைத்துக் கொடுத்தேன். உங்கள் மாமியாருக்கு என்னிடம் இருக்கிற பதில் அவள்தான். இதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். முடிந்தால் அவருக்கும் அளவெடுத்து ஒன்று தைத்துக் கொடுங்கள், லேஸ் கேட்டால் வையுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

சிநேகிதிகளுக்குத் தைக்கும்போது நீங்கள் அளவெடுக்கிற நேரத்தை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். கதவைச் சாத்தி, ஃபேன் போட்டு, ஒரு டீ குடித்துவிட்டு ஆரம்பியுங்கள். கீழ்ச் சுற்றை மூச்சை விட்ட பிறகு எடுங்கள். மார்புச் சுற்றை நிமிர்ந்து ஒரு தடவை, முன்னால் குனிந்து ஒரு தடவை எடுத்து நடு அளவை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும், பெரும்பாலான பெண்களுக்கு அப்படித்தான். அதைச் சொல்லத்தான் அவர்கள் மிகவும் தயங்குவார்கள். பெரிய பக்கத்துக்குக் கப் வெட்டிவிட்டு, சிறிய பக்கத்துக் கப்பில் தையலை உள்ளே தள்ளிச் சரிசெய்யுங்கள். கடையில் வாங்குவதில் இது நடக்கவே நடக்காது. நாம் தைப்பதற்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதும். முதலில் பழைய பனியன் துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், லேஸில் கத்தரி வைப்பது அதற்கப்புறம்.

காசு விஷயம். நியூயார்க்கில் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற பெண் ஒரு விருந்துக்குப் போக, இரண்டு பட்டுக் கைக்குட்டையையும் ரிப்பனையும் சேர்த்து ஒரு பாடியாகத் தைத்துப் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்த சிநேகிதிகள் கேட்க, அவர்களுக்கும் தைத்துக் கொடுத்தாள். முன்பின் தெரியாத ஒருவர் ஒரு டாலர் தருகிறேன் என்று கேட்டபோதுதான் இதை விற்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. 1914 நவம்பர் 3-ல் காப்புரிமை வாங்கினாள், பிறகு அதை 1,500 டாலருக்கு ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டாள். நானும் அந்த வரிசையைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். சிநேகிதிகள் துணியும் லேஸும் ஹூக்கும் வாங்கித் தருவார்கள், கூலி வாங்குவதில்லை. வெளி ஆள் கேட்டால் இரண்டு பிளவுஸுக்கு வாங்குகிற கூலி வாங்குகிறேன், கூசுவதில்லை. நீங்கள் தொழிலாகத் தைக்கிறவர், உங்கள் நேரம் உங்கள் வருமானம். சிநேகிதிகள் தாமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் நட்பு ஒன்றும் குறைந்துவிடாது.

துவைப்பது பற்றி ஒன்று மட்டும். கையில் அலசுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். சுள்ளென்ற வெயில் லைக்ராவைக் கெடுக்கும், அதனால் நிழல் நல்லதுதான். ஆனால் ஈரத் துண்டுக்கு அடியில் போட்டால் காயாமல் வாடை பிடிக்கும், தோலில் படை வரும். காற்றாடுகிற நிழலில், கொடியில் தனியாகப் போடுங்கள்.

இப்போது தைத்ததை வீணாக்க வேண்டாம். கப்பை அப்படியே விட்டுவிட்டு முதுகுப் பட்டியை மட்டும் பிரித்து, பவர் நெட்டில் புதிதாக வெட்டி மாட்டுங்கள். ஒரு நாள் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு மிஷினில் உட்காருங்கள், தண்ணீர் எடுங்கள், வண்டி ஓட்டுங்கள். ராத்திரி கழட்டியதும் உடம்பில் தடம் எங்கே விழுந்திருக்கிறது, தோளிலா விலாவிலா, எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா