பகலில் நடக்கவே சிரமப்படும், பார்க்கின்சன் (நடுக்குவாத) நோயாளியான என் அப்பா, தூக்கத்தில் மட்டும் வேகமாகக் கை வீசி, சத்தமாகத் திட்டுவது எப்படி? நடிக்கிறாரா?

நடிப்பே இல்லை. இதை முதலில் வீட்டில் உள்ள எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள், முக்கியமாக உங்கள் அம்மாவிடம்.

நான் தூக்க ஆய்வகம் ஒன்றில் டெக்னீஷியன். தலை, கண்ணோரம், தாடை, கால் என்று ஒட்டிய எலக்ட்ரோடுகள் தரும் கோடுகளை விடிய விடியத் திரையில் பார்ப்பதுதான் என் வேலை. உங்கள் சந்தேகத்தோடு வரும் குடும்பங்கள் நிறைய. "பகல்ல சட்டைப் பட்டன் போட என்னைக் கூப்பிடுறாரு. ராத்திரி மட்டும் இவ்வளவு பலம் எங்கேருந்து வருது?" என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார். கேட்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இதே கேள்வியை ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டவர் பாரிஸைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் இசபெல் ஆர்னுல்ஃப். அவர் பணியாற்றும் சல்பெத்ரியேர் மருத்துவமனைக்கும் இந்த நோய்க்கும் பழைய உறவு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இதற்குப் பார்க்கின்சன் என்ற மருத்துவரின் பெயரைச் சூட்டிய நரம்பியல் மருத்துவர் சார்க்கோ அங்கே இருந்தவர்தான். ஆர்னுல்ஃபின் குழு 100 பார்க்கின்சன் நோயாளிகளைப் பற்றி விசாரித்து, 2007இல் முடிவை வெளியிட்டது. தூக்கத்தில் கை காலை வீசும் நோயாளிகளின் பக்கத்தில் படுப்பவர்களில் 53 பேரால் தெளிவாகப் பதில் சொல்ல முடிந்தது. அந்த 53 பேருமே, அசைவிலோ பேச்சிலோ ஏதாவது ஒன்று பகலைவிட இரவில் மேலாக இருக்கிறது என்றார்கள். வேகம் கூடுகிறது, பலம் கூடுகிறது, குழறும் பேச்சு புரிகிறது. வீடியோவில் பதிவு செய்து பார்த்தபோதும் நடுக்கமோ தயக்கமோ தென்படவில்லை.

எனக்கு இந்த ஆய்வின் மேல் தனி மதிப்பு உண்டு. அதுவரை வீட்டுக்குள்ளேயே புலம்பலாக முடிந்துபோன ஒன்றை, மனைவிமார்களிடம் உட்கார்ந்து கேட்டு அறிவியலாக்கினார்கள்.

இனி, எப்படி என்பதற்கு வருகிறேன். கனவு பெரும்பாலும், கண்கள் வேகமாக அசையும் ரெம் (REM) தூக்கத்தில்தான் வரும். அந்த நேரத்தில் மூளைத் தண்டு உடம்பின் தசைகளுக்குப் பூட்டுப் போட்டுவிடும். கனவில் ஓடினாலும் கால் அசையாது. திரையில் இது அழகாகத் தெரியும். கண் கோடுகள் இரண்டும் எதிரெதிராகத் துள்ளும், தாடைக் கோடு மட்டும் நூல் பிடித்தாற்போல் மெலிந்துவிடும். உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்கு அந்தக் கோடு மெலியாது. கொத்துக் கொத்தாக எழும். அடுத்த சில நொடிகளில் கேமராவில் கை மேலே போவது தெரியும். ரெம் தூக்கம் பின்னிரவில்தான் அதிகம் என்பதால், அப்பா சத்தம் போடுவதும் பெரும்பாலும் மூன்று, நான்கு மணிக்கு மேல்தான் இருக்கும்.

பூட்டு கழன்றுவிடுவதால் கை அசைகிறது என்பது புரிகிறது. நடுக்கம் ஏன் இல்லை? பார்க்கின்சனில் கெட்டுப்போவது, டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் குறைவதால் மூளையின் உள்ளே இருக்கும் அசைவுக் கட்டுப்பாட்டு மையங்களின் வேலை. கனவில் பிறக்கும் கட்டளை அந்த மையங்களைத் தொடாமல், மூளையின் மேற்பரப்பிலிருந்து நேராகத் தசைக்குப் போகிறது என்பது ஆர்னுல்ஃப் குழுவின் கருத்து. அப்படியென்றால் கையின் பலம் எங்கேயும் போய்விடவில்லை. விழித்திருக்கும்போது அதற்கான வழிதான் அடைபட்டிருக்கிறது.

அம்மாவிடம் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: இது நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே தொடங்கியதா? அமெரிக்காவின் மினியாபோலிஸில் ஷெங்க், மஹோவால்ட் என்ற இரண்டு மருத்துவர்கள் 1986இல் இந்தக் கோளாறை முதன்முதலாக விவரித்தார்கள். 1996இல், இந்தக் கோளாறுக்காகத் தாங்கள் கவனித்துவந்த 29 ஆண்களில் 11 பேருக்குப் பார்க்கின்சன் அறிகுறிகள் வந்திருப்பதாக எழுதினார்கள். 2013இல், பார்க்கின்சன் அறிகுறிகளோ மறதி நோயோ வந்தவர்களின் விகிதம் 81 சதவீதம். அதனால் பார்க்கின்சன் இல்லாத பெரியவர் ஒருவர் இப்படித் தூக்கத்தில் அடிக்க ஆரம்பித்தாலும் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

வீட்டில் செய்ய வேண்டியது: கட்டில் பக்கத்தில் கண்ணாடி டம்ளர், கூர்முனை மேசை எதுவும் வேண்டாம். அப்பாவைத் தரையில் படுக்க வைக்காதீர்கள், எழுந்திருக்கச் சிரமப்படுவார். கட்டிலை ஒட்டி ஒரு மெத்தையைப் போட்டால் போதும். அம்மா வேறு கட்டிலில் படுக்கட்டும். கத்தும்போது பிடித்து உலுக்க வேண்டாம், தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒருநாள் போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். மெலடோனின், குளோனசெபாம் என்று மாத்திரைகள் உண்டு. இரண்டாவது சிலருக்குப் பகலில் தள்ளாட்டம் தரும், அதனால் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மனச்சோர்வுக்கு அவர் ஏதாவது மாத்திரை எடுத்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சில மாத்திரைகள் இந்தத் தொல்லையைக் கூட்டும்.