வாசகர் கேள்வி பதில்: ஊரே தூங்குது, எனக்கு மட்டும் பசிக்குது

(இந்த தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல நீளமான ஃப்ளைட் பத்தி தான், அதனால எல்லாத்தையும் சேர்த்தே போட்டுட்டோம்.)

மேற்கால போனா ரெண்டு மூணு நாள்ல செட் ஆயிடுறேன். கிழக்கால போனா மட்டும் ஒரு வாரம் ஆனாலும் நடுராத்திரி முழிப்பு வந்து பசிக்குது. அதே தூரம் தானே, ஏன் இந்த ஓரவஞ்சனை?

ஓரவஞ்சனை பண்றது உங்க மூளை தான் சார். மூளைக்குள்ள, கண் நரம்புங்க குறுக்க வெட்டிக்கிற இடத்துக்கு கொஞ்சம் மேல, உடம்போட கடிகாரம் இருக்கு. அது நிறைய பேருக்கு 24 மணி நேரத்த விட கொஞ்சம் மெதுவா, ஒரு பத்து பன்னெண்டு நிமிஷம் கூடுதலா ஓடும். அதனால லேட்டா தூங்குன்னா சந்தோஷமா கேட்டுக்கும், சீக்கிரம் படுன்னா அடம் பிடிக்கும். மேற்கால போறப்ப நாள் நீளுது, கிழக்கால போறப்ப சுருங்குது, விஷயம் அவ்ளோ தான். தோராயமா மேற்குன்னா நாளைக்கு ஒன்றரை மணி நேரம், கிழக்குன்னா ஒரு மணி நேரம் நகரும்னு கணக்கு வச்சுக்கலாம்.

இத நகர்த்துற முக்கியமான சாவி வெளிச்சம். ஆனா "இறங்கின உடனே போய் வெயில்ல நில்லு"ன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது பாதி தான் சரி. காலைல 6 மணிக்கு எந்திரிக்கிறவருக்கு விடிகாலை 4 மணி வாக்குல உடம்பு சூடு ரொம்ப இறங்கியிருக்கும். அதுக்கு முன்னாடி கண்ணுல வெளிச்சம் பட்டா கடிகாரம் இன்னும் லேட் ஆகும், அதுக்கு அப்புறம் பட்டா தான் சீக்கிரமாகும். இப்ப நீங்க 8 மணி நேரம் கிழக்கால போறீங்க, அங்க காலைல 7 மணிக்கு இறங்குறீங்கன்னு வைங்க, உடம்புக்கு அப்ப ராத்திரி 11. உங்க 4 மணி வர்றது அந்த ஊர் மதியம் 12-க்கு. அதனால மதியம் வரைக்கும் கூலிங் கிளாஸ், ரூம்ல திரைச்சீலைன்னு ஓட்டிட்டு 12-க்கு மேல ரெண்டு மூணு மணி நேரம் வெளிய சுத்துங்க. மறுநாள் அதையே ஒரு மணி நேரம் முன்னாடி, அதுக்கு மறுநாள் இன்னும் ஒரு மணி நேரம் முன்னாடி. காலைலயே வெயில்ல நின்னா கடிகாரம் எதிர்ப்பக்கமா ஓடி, உங்க ஒரு வாரம் பத்து நாளாயிடும். மேற்கால போறப்ப இவ்ளோ கணக்கு வேணாம், சாயங்காலம் இருட்டுற வரைக்கும் வெளிய இருந்துட்டு தூக்கத்த கொஞ்சம் தள்ளிப் போட்டா போதும்.

மெலடோனின் மாத்திரை போடலாமா? ஃப்ரெண்ட் ஒருத்தன் ஏறின உடனே ஒண்ணு போட்டுக்குறான்.

தப்பான நேரத்துல போடுறாரு உங்க ஃப்ரெண்ட், ஏறுற நேரமும் போற ஊரோட படுக்கிற நேரமும் ஒண்ணா இருந்தா தவிர. இருட்டுனதும் உடம்பு தானா சுரக்குற விஷயம் தான் மெலடோனின், "ராத்திரி ஆயிடுச்சு"ன்னு கடிகாரத்துக்கு சொல்ற தகவல் அது. அதனால போற ஊர்ல படுக்கிற நேரத்த ஒட்டி தான் போடணும், பகல்ல போட்டா குழப்பம் தான் மிஞ்சும். அரை மில்லிகிராம்ல இருந்து 5 மில்லிகிராம் வரைக்கும் போடுறாங்க, அதுக்கு மேல போய் பிரயோஜனம் இல்ல. ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடுறவங்க, வலிப்பு இருக்குறவங்க டாக்டர கேக்காம தொடாதீங்க. சில நாட்டுல சீட்டு இல்லாம தரவும் மாட்டாங்க. இதோட சரக்கு சேர்க்கவே கூடாது, அது தூங்க வைக்கிற மாதிரி வச்சு பாதி ராத்திரில எழுப்பி விட்டுடும்.

அம்மாவுக்கு 68 வயசு. போன தடவை இறங்குறப்ப கால் வீங்கி செருப்பே போட முடியல. பயப்படணுமா?

ரெண்டு காலும் ஒரே மாதிரி வீங்கி, ஒண்ணு ரெண்டு நாள்ல வத்திடுச்சுன்னா பெரும்பாலும் ரொம்ப நேரம் கால தொங்க போட்டு உக்காந்ததால தான். கெண்டைக்கால் தசை சுருங்கினா தான் ரத்தம் மேல ஏறும், அசையாம இருந்தா கீழயே தேங்கிடும். அம்மாவுக்கு நடைபாதை ஓரமா சீட் எடுங்க, காலுக்கு கீழ பைய திணிக்காதீங்க (எல்லாரும் பண்றது இது, அப்புறம் கால் நீட்ட இடம் எங்க?). குதிகால ஊனி முன்னங்கால தூக்கணும், அப்புறம் முன்னங்கால ஊனி குதிகால தூக்கணும், முழிச்சிருக்குறப்ப எல்லாம் அப்பப்ப பண்ண சொல்லுங்க. முழங்காலுக்கு கீழ வர்ற இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் நல்லது தான், ஆனா கால் அளவெடுத்து வாங்கணும்.

பயப்பட வேண்டியது எப்பன்னா, ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா, தொட்டா சூடா இருந்தா, செவந்திருந்தா. ரத்தக் குழாய்க்குள்ள ரத்தம் கட்டியிருக்கலாம். மூச்சு வாங்குறது, நெஞ்சு வலின்னா நேரா எமர்ஜென்சி தான். இறங்கின அன்னைக்கே வரணும்னு இல்ல, சில வாரம் கழிச்சும் வரலாம், அதனால டாக்டர்கிட்ட ஃப்ளைட்ல போனத மறக்காம சொல்லுங்க. ஏற்கனவே ரத்தம் கட்டினவங்க, புதுசா ஆபரேஷன் பண்ணவங்க டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே கேட்டுடணும்.

ஃப்ளைட் ஏறினா வயிறு பலூன் மாதிரி உப்புது, கண்ணும் எரியுது.

குடிச்சு முடிச்ச தண்ணி பாட்டில மேல பறக்குறப்ப மூடி போட்டு வைங்க, இறங்குறப்ப அது நசுங்கியிருக்கும். உள்ள காத்தழுத்தம் 6000-ல இருந்து 8000 அடி உயர மலை மேல இருக்குற அளவுக்கு தான் இருக்கும், அதனால வயித்துல இருக்குற காத்தும் விரியுது. சோடா, கூல் டிரிங்க்ஸ் வேணாம், இடுப்புல இறுக்காத டிரஸ் போடுங்க. கண்ணு எரியுறது காத்துல ஈரம் இல்லாததால, நிறைய நேரம் 20 சதவீதம் கூட இருக்காது. கான்டாக்ட் லென்ஸ கழட்டிட்டு கண்ணாடி போட்டுக்கங்க.

தூங்கிட்டிருக்குறப்ப பெல்ட் போட்டீங்களான்னு எழுப்பி விடுறாங்க!

போர்வைக்கு மேல தெரியுற மாதிரி பெல்ட் போடுங்க, தட்ட மாட்டாங்க.

ரெண்டே நாள் மீட்டிங், உடனே திரும்பணும். அதுக்கும் இந்த வெளிச்சக் கணக்கு வேணுமா?

வேணாம். ரெண்டு நாள்ல கடிகாரம் பாதி கூட நகராது, திரும்பி வந்து மறுபடி இழுத்துக்கிட்டு இருக்கணும். முடிஞ்ச வரைக்கும் உங்க ஊர் டைம்லயே தூங்குங்க, சாப்பிடுங்க, ரூம நல்லா இருட்டாக்கிக்கங்க. மீட்டிங் டைம் உங்க கைல இருந்தா உங்க ஊர்ல பகலா இருக்குற நேரமா பாத்து கேளுங்க, காபிய படுக்கிறதுக்கு ஆறு மணி நேரம் முன்னாடியே நிறுத்திடுங்க.