பங்குத் தளத்தை ஏன் திறக்கிறார்கள்?

அன்புள்ள அண்ணா,

இயேசுவுக்கே புகழ். கத்தோலிக்க இணையப் பணிகள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். சென்னையில் இணையதள வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், ஒரு கடற்கரைப் பங்கு, அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கத்தோலிக்க ஊர்ச் சபை. பங்குத்தந்தை கேட்டுக்கொண்டதால் பங்குக்கு ஒரு தளம் செய்து கொடுத்தேன். முகப்பில் ஓடும் படங்கள், ஆயரின் படம், கோயில் வரலாறு, திருவிழா வீடியோ எல்லாம் இருக்கின்றன. கொடியேற்றத்தன்று நிறையப் பேர் பார்த்தார்கள். அப்புறம் யாரும் வருவதில்லை. இளையோர் குழு செயலி செய்யலாம் என்கிறது. பங்குப் பேரவையில் சிலர், பூசைக் கருத்துக்கும் (இன்னாருக்காகப் பூசையில் மன்றாடும்படி கேட்பது) காணிக்கைக்கும் ஆன்லைனில் பணம் கட்டும் வசதி வேண்டும் என்கிறார்கள்; வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் எங்கள் ஊர்க்காரர்கள் அதிகம். எனக்கோ இணையம் வழியாகப் பணி செய்த இளம் புனிதர் கார்லோ அக்குதிஸ் மாதிரி ஏதாவது செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு தங்கை, சென்னை

அன்புத் தங்கைக்கு,

கொடியேற்றத்தன்று வந்தவர்கள் படம் பார்க்க வந்தார்கள், பார்த்தார்கள், போய்விட்டார்கள். அதில் உங்கள் வேலையில் குறை ஒன்றும் இல்லை. மற்ற நாட்களில் ஒருவர் பங்குத் தளத்தை எதற்காகத் திறப்பார் என்று யோசியுங்கள். நாளைக் காலைப் பூசை ஐந்தரைக்கா, ஆறுக்கா? மகனுக்குக் கல்யாணம் பேசியாயிற்று, என்னென்ன சான்றிதழ் வேண்டும்? அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார், நோயில்பூசுதலுக்கு யாரைக் கூப்பிடுவது? இப்படி ஒரு கேள்வியோடு கைபேசியை எடுத்தவருக்கு உங்கள் ஓடும் படங்கள் இடைஞ்சல்தான். அவற்றை எடுத்துவிடுங்கள்.

அந்த இடத்தில் அடுத்த திருப்பலி எப்போது, எந்தக் கோயிலில் என்பது வரட்டும். படமாக அல்ல, எழுத்தாக. துணைக் கோயில்களின் நேரமும் சேரட்டும். சாம்பல் புதன், பெரிய வியாழன், முதல் வெள்ளி என்று நேரம் மாறும் நாட்கள் ஆண்டு முழுக்க வரும். பங்கு அலுவலகத்தில் இருப்பவரே தன் கைபேசியிலிருந்து அதை மாற்ற முடிய வேண்டும். ஒவ்வொரு முறையும் சென்னைக்குப் போன் போட்டு உங்களைக் கேட்கும்படி இருந்தால் அந்தத் தளம் ஓராண்டு தாங்காது. தப்பான நேரத்தை நம்பி வந்து, பூட்டிய கோயிலைப் பார்த்துத் திரும்பியவர் மறுபடி தளத்தைத் திறக்கமாட்டார்.

திருமணத்துக்கு ஒரு தனிப் பக்கம் வையுங்கள். ஆறு மாதத்துக்குள் வாங்கிய திருமுழுக்குச் சான்றிதழ் கேட்பார்கள் என்பது பலருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரிகிறது. பீரோவில் இருக்கிற பழைய சான்றிதழ் ஏன் செல்லாது என்பதையும் அங்கேயே இரண்டு வரியில் சொல்லுங்கள்: ஒருவருக்குத் திருமணம் ஆனால் அது அவருடைய திருமுழுக்குப் பதிவேட்டிலும் குறிக்கப்படும், புதிதாக எடுத்த நகலில்தான் அது தெரியும். அடுத்து தயாரிப்பு வகுப்பு எப்போது, எங்கே. ஓலை (கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்க எத்தனை ஞாயிறு முன்னதாகச் சொல்ல வேண்டும். மற்ற பங்கிலிருந்து என்ன கடிதம் வர வேண்டும். துபாயிலிருந்து ஒரு மாத விடுப்பில் வரும் பையனுக்கு இந்த ஒரு பக்கம் பத்து நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும். பதிவேட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தளத்தில் ஏற்றிவிடாதீர்கள். புதுநன்மை (முதல் முறை நற்கருணை) வாங்கிய பிள்ளைகளின் படத்தைப் பெயரோடு போடுவதும் வேண்டாம்.

பணம் கட்டும் வசதியைப் பொறுத்தவரை நிதானம் தேவை. திருப்பலிக்கான காணிக்கையில் வணிகத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது என்கிறது திருச்சபைச் சட்டம் 947. கருத்தைத் தேர்ந்தெடுத்து, கூடையில் போட்டு, பணம் கட்டும் பக்கம் அந்தச் சாயலேதான். கருத்தை எழுதி அனுப்ப ஒரு படிவம் போதும், மீதியை அலுவலகம் பேசிக்கொள்ளட்டும். பொதுக் காணிக்கை வேறு விஷயம், ஆனால் அங்கே நாட்டுச் சட்டம் குறுக்கே வரும். வளைகுடாவில் இருப்பவர் இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்புவது, அவர் உங்கள் சொந்தச் சித்தப்பாவாகவே இருந்தாலும், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடைதான். அதற்குப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். மறைமாவட்ட நிதி அலுவலகத்தைக் கேட்காமல் ஒரு க்யூஆர் கோடுகூடப் போடாதீர்கள்.

செயலி வேண்டாம். ஒரு பங்குக்கு அது தேவையே இல்லை. பூசையின் நேரலை ஒளிபரப்பை நோயாளிகளுக்காகவும் முதியவர்களுக்காகவும் வைத்திருங்கள். இணையத்தில் அருட்சாதனங்கள் (திருமுழுக்கு, நற்கருணை போன்றவை) இல்லை என்று வத்திக்கான் 2002இலேயே 'திருச்சபையும் இணையமும்' என்ற ஆவணத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நடமாட முடிந்தவர்களைக் கோயிலுக்கு வரவழைப்பதுதான் உங்கள் தளத்தின் வேலை.

இனி உங்கள் ஆசைக்கு வருகிறேன். கார்லோ 2006இல் பதினைந்து வயதில் இறந்தார், 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் செய்த காரியம் ஒரு தொகுப்பு. நற்கருணை (பூசையில் அர்ச்சிக்கப்படும் அப்பம்) தொடர்பான அற்புதங்களை ஊர் ஊராகத் தேடி, ஒவ்வொன்றையும் எழுதி அடுக்கினார். அந்தப் பொறுமைதான் அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. அவருக்கு முன்பே அமெரிக்காவில் கெவின் நைட் என்பவர் பழைய கத்தோலிக்கக் கலைக்களஞ்சியத்தை இணையத்தில் ஏற்ற முனைந்தபோது, பல நாட்டுத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து கட்டுரை கட்டுரையாகத் தட்டச்சு செய்தார்கள். வத்திக்கான் தளம் 1995 கிறிஸ்துமஸில் தொடங்கியது. பழைய தோல் ஏடு போன்ற பின்னணியோடு பல வருடம் அப்படியே இருந்தது. ஆனாலும் திருத்தந்தையின் சுற்றுமடல் ஒன்று வேண்டுமென்றால் எல்லாரும் அங்கேதான் போனார்கள், ஏனென்றால் எழுத்து அங்கே இருந்தது.

உங்கள் பங்கிலும் எழுத்து இருக்கிறது, கணினியில் அடைபட்டுக் கிடக்கிறது. பங்கு மடல்கள் பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவையாகத்தான் இருக்கும். அப்படியே எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். பாமினியில் புள்ளி வைக்கும் விசை அதுதான். அதனால்தான் பலரும் மடலைப் படமாக ஏற்றிவிடுகிறார்கள், தேடினால் ஒரு சொல்கூடச் சிக்காது. மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. யூனிகோடுக்கு மாற்றி, மறைக்கல்வி ஆசிரியர் ஒருவரை வைத்துப் பிழை பார்த்து ஏற்றுங்கள். உங்கள் கடற்கரையில் பணியாற்றிய போர்த்துக்கீசிய இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். பதினாறே பக்கம். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் எளிய மக்களுக்கான ஒரு மறைக்கல்விச் சுவடி! தமிழ் அச்சை அப்படித் தொடங்கிவைத்த நாம் இணையத்தில் படங்களை மட்டும் ஏற்றிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

மடல்களோடு நிறுத்த வேண்டாம். ஊரிலுள்ள குருசடிகளும் (சிலுவை நட்ட சிறு வழிபாட்டு இடங்கள்) கெபிகளும் (குகை போன்ற மாதா, புனிதர் திருத்தலங்கள்) எப்போது, யாரால், எந்த வேண்டுதலுக்காகக் கட்டப்பட்டவை? தவக்காலத்தில் பாட்டிமார் பாடும் பழைய பாடல்களை யார் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள்? இளையோர் குழுவிடம் செயலிக்குப் பதில் இதை ஒப்படையுங்கள். ஒரு கைபேசி, அமைதியான ஒரு அறை, பாடத் தெரிந்த ஒரு பெரியவர். பாடியவரின் சம்மதத்தோடு அவர் பெயர், அன்பியம் (பங்கில் அவர் சேர்ந்திருக்கும் சிறு குழு), பதிவு செய்த தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கார்லோ வழியில் செய்ய வேண்டுமென்றால் இதுதான் உங்கள் ஊருக்கான வேலை. திருவிவிலியம் 1995 பொது மொழிபெயர்ப்பை மட்டும் அனுமதி வாங்காமல் முழுதாக எடுத்துப் போடாதீர்கள். அன்றைய வாசகத்தின் பகுதி எண்களைக் கொடுத்து, அனுமதி பெற்ற இடத்துக்கு இணைப்புத் தந்தால் போதும்.

இன்னொன்று. தளப் பெயர் உங்கள் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருந்தால் இந்த மாதமே அதைப் பங்கின் மின்னஞ்சலுக்கு மாற்றிவிடுங்கள். கடவுச்சொற்களும் புதுப்பிக்க வேண்டிய தேதியும் ஒரு தாளில் எழுதிப் பங்குத்தந்தையிடமும் பேரவைச் செயலரிடமும் இருக்கட்டும். சாமியாருக்கு மாற்றல் வரும், நீங்களும் கல்யாணமாகி வேறு ஊர் போகலாம். அடுத்து வருகிறவர் கையில் அந்தத் தாள் இருக்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்